ப்ளைவுட் டாங்கி

தாபோடி, புனே
9.5.2005

அப்பாவுக்குக் கோதையின் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

ஆபீசில் ஒரு சின்ன விஷயம். இருபது வருடம் கழித்து வரப்போகும் ராணுவ டாங்கிக்கு ப்ளைவுட்டில் முழு அளவு மாதிரி செய்து, மேலதிகாரிகள் பார்க்கப் பச்சை வண்ணமும் அடித்தோம். பார்த்துவிட்டு, இப்போது ஓடும் பழைய டாங்கிக்குள் குளிர்சாதனம் வைக்கும் எங்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"அதுவரைக்கும் உள்ளே இருக்கிறவன் வேகணுமா, சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"பழசுக்கே ஒட்டுப் போட்டுண்டிருந்தா புதுசு எப்பம்மா வரும்?" என்றார் என் மேலாளர் பட்டாபிராமன். எல்லோரும் சிரித்தார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் அவர் பிள்ளை இங்கே மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் கம்பெனி ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிறான். நம் அச்சுதன் அண்ணா ராஜஸ்தானில் அந்தப் பழைய டாங்கியை ஓட்டுகிறான்.

அண்ணாவின் புது முகவரியை உடனே அனுப்புங்கள். அம்மாவையும் தன் கையால் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். இங்கே நான் தமிழில் படிப்பது உங்கள் கடிதம் ஒன்றுதான்.

அண்ணாவிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். இந்தக் கோடைக்குள் குளிர்சாதனம் வந்துவிடும் என்று போன லீவில் அவனிடம் சொன்னவள் நான். வராது என்பதையும் நானே எழுத வேண்டும்.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது.

கோதை