துவைக்காத துணி

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் எழுதிக்கொள்வது. ஊசி போட்ட கையில் வீக்கம் வடிந்ததா? கஞ்சியாவது இறங்குகிறதா? அண்ணன் வேலைக்குப் போய் வருகிறார். போன வாரம் உங்களைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால், "பாக்கலாம், பாக்கலாம்" என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுகிறார். ஒரு நாளைக்கு மூன்று தடவை குளிக்கிற மனுஷனா அவர்?

உங்கள் மகள் வாலு விஷயத்துக்கு வருகிறேன். பதறாதீர்கள். உங்களிடம் மறைத்தால் வேலை நடக்காது, அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் மழலையர் கற்றல் நிலையத்து வழக்கம் தெரியுமே. சேரும் பிள்ளைக்கு அம்மா உடுத்திய துணியில் ஒரு துண்டு, துவைக்காமல் வாங்கி வைப்போம். மதியம் பாயில் படுக்கும்போது அதை மோந்துகொண்டே தூங்கிவிடும். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, உங்கள் நைட்டித் துண்டை வாலு ராத்திரி வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வருவாள், காலையில் திரும்பக் கொண்டுபோவாள்.

போன திங்கட்கிழமை இரண்டு பிள்ளைகளுக்குச் சிரங்கு. நான் அன்று லீவு. புதிதாக வந்த ஆயா சுறுசுறுப்பானவள், பாவி. விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டு அலசிவிட்டாள், இந்தத் துணிகளையும் சேர்த்து. அழுக்குத் துண்டு என்று நினைத்தாளாம். அழகாக மடித்து வேறு வைத்திருந்தாள்! மற்ற அம்மாக்கள் மறுநாளே வேறு துணி கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள்.

வாலு அந்த அலசின நைட்டித் துண்டை மோந்து பார்த்தாள். "இது அம்மா இல்ல" என்று கீழே போட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அன்றிலிருந்து சரியான தூக்கம் கிடையாது. ஊட்டினால் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து துப்பிவிடுகிறாள். பெஞ்சு மேல் ஏறிக் குதித்து எங்கள் உயிரை வாங்கிய கழுதை, சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள். இப்படியே போனால் ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டியதுதான் என்று நேற்று டீச்சர் சொன்னார். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி.

என் நைட்டியைக் கொடுத்துப் பார்த்தேன். "இது அத்தை" என்று திருப்பிக் கொடுத்தாள். உங்கள் அலமாரியைக் குடைந்தேன். புறப்படும்முன் தலையணை உறை வரை துவைத்து, இஸ்திரி போட்டு அடுக்கிவிட்டல்லவா போயிருக்கிறீர்கள்! சுத்தத்தில் உங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்த அலமாரி முன்னால் உட்கார்ந்து நான்தான் அழுதேன். உங்கள் வார்டில் சின்னப் பிள்ளைகளை விடுவதில்லை, அவளைக் கூட்டிவரவும் வழியில்லை.

அதனால் ஒன்று செய்யுங்கள். ஆஸ்பத்திரி உடுப்பு வேண்டாம், மருந்து வாடை அடிக்கும். உங்கள் சொந்த நைட்டியைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் அப்படியே இருங்கள். அசிங்கம் பார்க்காதீர்கள், வேர்த்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வரும்போது கொடுத்தனுப்புங்கள்.

ஒன்று போதாது அண்ணி. கொண்டுபோன அத்தனையையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கொடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கவரில் வைத்து, காற்றுப் போகாமல் இறுக்கிக் கட்டித் தரச் சொல்லி நர்ஸம்மாவிடம் கேளுங்கள். ஒன்று வாசம் போன பிறகுதான் அடுத்ததைப் பிரிப்பேன். சிக்கனமாக வைத்துக்கொள்வேன், சத்தியம்.

எதற்கு இத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள். அவளுக்கு மூன்று வயதுதான் ஆகிறது.

என்றும் உங்கள்,
வாயாடி நாத்தனார்