நான் மறைத்த ஐந்தாவது கட்டம்

மாப்ள,

இன்று காலை ஜெராக்ஸ் கடையில் சூடு ஆறாத தாள்களை வாங்கி டைரிக்குள் வைக்கப் போனபோது, விரல் அகலத்தில் ஒரு வெள்ளைத் தாள் துண்டு கீழே விழுந்தது. ஓரத்தில் பசை காய்ந்து மஞ்சளாகியிருந்தது. கடைக்காரர் எடுத்துக் கொடுத்து, "குப்பையா சார்?" என்றார். இல்லை என்று சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்தத் துண்டை உனக்குத் தெரியாது. அது செய்த வேலையைத் தெரியும்.

பிரெஞ்சு ஆசிரியர்களையும் சமூக அறிவியல் ஆசிரியர்களையும் ஒரே அரங்கில் உட்கார வைத்துப் பயிற்சி கொடுக்கலாம் என்பது உன் யோசனை. கே.கே. நகர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுக்கிறார்கள். பாரிஸில் ரொட்டி வாங்கத் தெரிகிறது, காரைக்காலில் பிரெஞ்சுக் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன நம் பக்கத்துச் சனங்களைத் தெரியவில்லை என்பாய். நீ பிரெஞ்சு, நான் வரலாறு. செல்லூரில் எங்கள் வீட்டு மாடியில், கீழே ஓடும் விசைத்தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பாடம் தயாரித்தோம். நானும் அம்மாவும் எங்கள் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொண்டால் விடமாட்டாய். "வீட்டுக்குள்ள ஒண்ணு, ரோட்டுல ஒண்ணு பேசுறீங்க. திருவாதவூர்க்காரன் நான் மூணாவதா பிரெஞ்சு பேசுனா மட்டும் ஊரே சிரிக்குது."

அந்தக் கூலிகளின் கப்பல் பட்டியலைத் தேடிக் கொண்டுவந்தவன் நீ. பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது, சாதி, உடம்பில் அடையாளம். அதில் ஒருவன் உன் ஊர், உன் சாதி, இடது தோளில் தழும்பு. "கண்டுபுடிச்சிட்டேன் மாப்ள, எங்க ஆளு" என்று காட்டினாய். பிரதி எடுப்பது என் பொறுப்பு. மெஷினில் வைக்கும் முன் ஐந்தாவது கட்டத்தின் மேல் இந்தத் துண்டை ஒட்டினேன். உன்னிடம் கேட்கவில்லை.

பயிற்சியன்று, "அஞ்சாவது கட்டத்த வாசிங்க" என்றாய். முன்வரிசை ஆசிரியை, "இங்க ஒண்ணுமே இல்ல சார்" என்றார். அவர் தாளை வாங்கிப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். எனக்குக் காது சுட்டது. "ஜெராக்ஸ்ல விழல போல. அடுத்ததுக்குப் போவோம்" என்று எனக்காகப் பொய் சொன்னாய்.

வண்டி நிறுத்துமிடத்தில்தான் கேட்டாய். "யாருக்காக மறைச்ச?"

"எல்லாரும் உன்னையவே பாப்பாங்கன்னு..."

"பாக்கட்டும். அதுக்குத்தான நின்னேன்."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வாரேன் என்றுகூடச் சொல்லாமல் போனாய்.

நான் சொன்னதும் பாதிதான். பயிற்சி நடத்தக் கூப்பிட்ட பள்ளித் தாளாளர் முகம் சுளித்துவிடுவார், அடுத்த பயிற்சிக்குக் கூப்பிட மாட்டார் என்ற பயம்தான் மீதி. அதையும் சொல்லிவிட நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் மாரடைப்பு வந்து நீ போய்விட்டாய். உன் வீட்டு வாசலில் கூட்டத்தோடு நின்றபோது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

இன்று அதே அரங்கு. தாளாளர் என் கையிலிருந்த கட்டில் ஒரு தாளை உருவிப் பார்த்தார். "சார், போன தடவ சாதியெல்லாம் இல்லையே. அதையே குடுத்துருங்களேன். பேரண்ட்ஸ் ஒரு மாதிரி பேசுவாங்க."

"இந்தத் தடவ இருக்கும் சார்" என்று சொல்லி, அவர் கையிலிருந்ததையும் வாங்கி நானே விநியோகித்தேன்.

பிரெஞ்சு ஆசிரியை ஒருவர் ஐந்தாவது கட்டத்தை வரிசையாக வாசித்தார். உன் ஊர்க்காரனின் வரி வந்தபோது அவர் குரல் இறங்கியது. சமூக அறிவியல் ஆசிரியை ஒருவர் எழுந்தார். "இத ஒன்பதாம் வகுப்புல எப்படி சார் சொல்றது? அந்த ஆளுங்க புள்ளைங்களும் உக்காந்திருக்குமே."

துண்டை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். "போன தடவ இந்தக் கட்டத்த இத வச்சு மறைச்சது நான்தான். கூடப் பாடம் எடுத்தவரும் திருவாதவூர்க்காரர், இந்தச் சாதிக்காரர். அவர்ட்ட ஒரு வார்த்த கேக்கல. மொதல்ல இதச் சொல்லுங்க."

கேட்ட ஆசிரியை துண்டை வாங்கித் தன் தாளின் மேல் வைத்துப் பார்த்தார், எடுத்தார், பக்கத்தில் கொடுத்தார். அது வரிசை வரிசையாகப் போனது. வாங்கிய ஒவ்வொருவரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

துண்டு இப்போது மறுபடி என் டைரியில் இருக்கிறது. அது கடைசி வரிசை போய்த் திரும்பும்வரைகூட அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை, மாப்ள. நீ அதற்கென்றே வந்து நின்றிருந்தாய்.