ஜிப்சம் சுவரில் ஆள் உயரக் கண்ணாடி

அம்மாவுக்கு,

எங்கள் சூப்பர்வைசர் ஒரு பொய்யர். அதைச் சொல்லிவிட்டுத்தான் உன் மூட்டுவலி எப்படியிருக்கிறது, அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்க முடிகிறது. நான் நலம்.

போன வாரம் ஓட்டல் வரவேற்பறையில் ஆள் உயரக் கண்ணாடி மாட்டினோம். சுவரைத் தட்டினேன். வெறும் ஜிப்சம் பலகை, உள்ளே காலி. பின்னால் ஓடும் இரும்புச் சட்டத்தில் திருகினால்தான் கனம் தாங்கும். சட்டம் நடுவிலிருந்து ஒரு சாண் தள்ளியிருந்தது.

"நடுவுல இல்லன்னா முதலாளி கத்துவாரு. ஓட்டை போட்டு பிளாஸ்டிக் பிளக் அடிச்சு மாட்டு, தாங்கும். சுவத்துக்கு நாடி பாக்குறியா?" என்றார் சூப்பர்வைசர்.

மாட்டினேன். முந்தாநாள் விழுந்தது. பயப்படாதே, முழங்கையில் கீறல்தான், தையல் போட்டாயிற்று.

இன்று அதே இடத்தில், அதே மாதிரி பிளக்கில், புதுக் கண்ணாடி. கீழே சோபா போட்டிருக்கிறார்கள். விருந்தாளிகளின் குழந்தைகள் அதில் ஏறிக் குதிக்கின்றன. திருகாணியை முடுக்கியது என் கை, அம்மா. கண்ணை மூடினால் உடையும் சத்தம்தான் கேட்கிறது.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம், அப்படியே மடித்துக் கொடு.

சாப்பாட்டு நேரம் முடிகிறது. இப்போதுகூட சூப்பர்வைசரிடம் கேட்டேன்: "அண்ணே, இத இறக்கிச் சட்டத்துல மாட்டிடலாம்ணே."

அவர் சோபா மெத்தையைத் தட்டி நேராக்கிக்கொண்டிருக்கிறார்.