பட்டத்து ராணியும் குட்டை வாழைகளும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், உன் மாமா ரொம்பவே நலம், வாழைகளுக்குத்தான் உடம்பு சரியில்லை. நீ நலமா என்று கேட்டால், கேட்டதையே கேட்கிறேன் என்று சலித்துக்கொள்வாய். ஒரு செடியின் குரோமோசோமைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான் திரும்பத் திரும்ப வருகிறது, சரக்கு கொஞ்சம்தான் என்று சொன்னவள் நீதானே? அந்தக் கணக்கில் சாப்பிட்டாயா, தூங்கினாயா, எப்போது வருகிறாய் என்று நான் கேட்பதெல்லாம் சுத்தமான விஞ்ஞானம்.

உன் மாமா இன்னும் குளிரூட்டிய அறையில்தான், குருத்தைக் குடுவைக்குள் வெட்டி வெட்டிப் பெருக்குகிற திசு வாழைக் கூடத்தின் முதலாளியாக. நான் இன்னும் நிழல்வலைக்கு அடியில்தான், குடுவையை விட்டு வந்த கன்றுகளுக்கு வெயில் பழக்கிக்கொண்டு. அவர் ஒரு குடுவைக்குப் பட்டத்து ராணி என்று பேர் வைத்தாரே, நினைவிருக்கிறதா? மற்றதில் மூன்று குருத்து வந்தால் அதில் ஆறு வரும். அதையே வெட்டுங்கள், அதையே புது ஊட்டக் கூழில் வையுங்கள், மற்றதைத் தூக்கிப் போடுங்கள் என்று உத்தரவு. எட்டுச் சுற்று வெட்டினதோடு நிறுத்திவிட்டுத் தோட்டத்திலிருந்து புதுக் கிழங்கு எடுக்க வேண்டும் என்று அந்த அறைச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தது. மாமா அதன்மேல் காலண்டரை மாட்டினார். செடியின் குரோமோசோமுக்குள் இடம்விட்டு இடம் தாவுகிற துண்டுகள் இருக்கின்றன, செடி அவற்றைத் தூங்க வைத்திருக்கிறது, குடுவையிலேயே போட்டு வெட்டிக்கொண்டே இருந்தால் காவல் தளர்ந்து அவை எழுந்துவிடும், எங்காவது தப்பான இடத்தில் போய் உட்கார்ந்து செடியையே மாற்றிவிடும் என்று நீ போன வருஷம் ஃபோனில் சொன்னதை அப்படியே போய்ச் சொன்னேன். அப்படி மாறின குருத்தே சில சமயம் வேகமாகப் பெருகும் என்றாயே, அதையும் சொன்னேன். என் வாழை என்ன தவளையா தாவுவதற்கு என்றார். வெட்டும் அறையே சிரித்தது. முதலாளி சொன்னால் சிரிப்பு வரத்தானே செய்யும்.

நம் தெரு முனையில் தையல்கடை வைத்திருந்தாரே, நீ வளர்ந்துகொண்டே போகிறாய் என்று உன் பள்ளிச் சீருடையில் மடிப்பு விட்டுத் தைப்பாரே, அவர் கடையை விற்றுவிட்டு நிலம் குத்தகைக்கு எடுத்து, முழுக்க ராணியின் வாரிசுகளையே நட்டார். போய்ப் பார்த்தேன். பாதிக்கு மேல் என் இடுப்பைத் தாண்டவில்லை. இலைகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, குலை தள்ள வழியில்லை. தள்ளினதும் விரல் பருமன்தான். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

மாமாவைக் கேட்டால் மண் சரியில்லை, தண்ணீர் சரியில்லை, கத்தரிக்கோல் பிடித்த கைக்கு விவசாயம் எதற்கு என்கிறார். குடுவை மட்டும் பத்தரைமாற்றுத் தங்கம். கன்றில் கோளாறு என்றால் அவர் புதுக் கன்றும் நட்ட செலவும் கொடுத்தாக வேண்டும். மண்ணில் கோளாறு என்றால் தையல்காரர் நிலத்தையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு நடக்க வேண்டியதுதான். ஆகவே இந்த மாதக் கடைசி ஞாயிறு எல்லோரையும் கூட்டிவைத்து, பெரிய திரையில் உன்னைக் காட்டப்போகிறாராம். செடியின் குரோமோசோமையே கரைத்துக் குடித்த ஆராய்ச்சியாளர், அதுவும் சொந்த அக்கா மகள்! மண்தான் காரணம் என்று நீ ரெண்டு வார்த்தை சொன்னால் போதுமாம். தாவுகிற துண்டுகள் மேல் அவருக்குத் திடீரென்று மரியாதை வந்துவிட்டது, அதைப் பற்றி மட்டும் வாயே திறக்க வேண்டாம் என்கிறார். உனக்கு ஃபோன் செய்வார், தேனொழுகப் பேசுவார், நீ நடக்கப் பழகியதே அவர் விரலைப் பிடித்துத்தான் என்பார். அது உண்மைதான், அதனால்தான் எனக்குப் பயம். நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அன்றைக்கு நான் தையல்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். இதையெல்லாம் ஃபோனில் சொன்னால் அம்மா காதில் விழும், தம்பியை ஒரு சொல் சொன்னால் அவளுக்குத் தாங்காது என்றுதான் எழுதுகிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டுத் திரும்பினால் உன் அம்மா முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள், முழுக்கப் படித்துவிட்டாள். இனி சோற்றுக்கு வேறு வழி பார்க்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தபடி, "நெசத்தையே சொல்லச் சொல்லுங்க. என் தம்பிய நான் பாத்துக்கறேன்" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் ரொம்ப நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். பாத்திரம் எதுவும் கழுவின சத்தம் கேட்கவில்லை. அவளே சொல்லிவிட்டாள், அதனால் தைரியமாகப் பேசு.

எங்கள் இரண்டு பேர் ஆசியும் உனக்கு உண்டு, நன்றாக இரு. திரையில் வரும்போது தலையை வாரிக்கொள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, எப்போது வருகிறாய்?

இப்படிக்கு,
கேட்டதையே கேட்கும் உன் அப்பா