காலியாகாத கட்டில்

என் அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? மகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

தரகர் சொன்ன வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டால் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்டேன். பன்னிரண்டு மாத வாடகையையும் வரவில் எழுதியிருந்தேன். கட்டிலுக்கு இவ்வளவு என்று எங்களிடம் மாத வாடகை வாங்கும் அறைச் சொந்தக்காரரிடம் காட்டியதும் சிரித்துவிட்டார்.

"வீடு காலியா கிடக்கிற மாசத்தை யாரு கழிக்கிறது? வருஷத்துக்கு ரெண்டு மாசம் கழிச்சுப் பாருங்க."

"உங்களுக்கும் அப்படித்தானா?" என்றேன்.

"எனக்கு எதுக்கு? உங்களை மாதிரி ஆளுங்களுக்குத்தானே விடுறேன். நீங்கதான் ஊருக்கே போறதில்லையே!"

ஐந்து வருடமாக என் கட்டில் ஒரு மாதம்கூடக் காலியாக இருந்ததில்லை. நானும் சிரித்துவைத்தேன். இரண்டு மாதம் கழித்தேன், அப்போதும் கட்டுப்படியாகிறது.

நீ ஒருமுறை போய்ச் சுவரில் ஓதம் இருக்கிறதா என்று பார். அங்கே குடியிருப்பவர் வெளியூர்க்காரராம். ஊருக்கு எப்போது போவார் என்று கேட்டுவை. போகிற மாதத்துக்கு அவரிடம் வாடகை வாங்க வேண்டாம்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. யாராவது இங்கே வந்தால் உன் தலையணை உறை ஒன்றைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம்.

உன் கணவன்