சீக்கிரம் தூங்கும் புல்

ஜனவரி 19
மழை. பனி கொட்ட வேண்டிய ஜனவரியில் மழை! பெய்த வேகத்திலேயே உறைந்து, கோல்ஃப் மைதானம் முழுக்கக் கண்ணாடி போட்டு மூடியதுபோல் கிடக்கிறது. தோர்கைர் போன் செய்தான். கிளப்பில் புல்லைப் பார்த்துக்கொள்பவன் அவன்தான். போன இரண்டு வருஷமும் அவனுடைய கிரீன்கள், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டும் அந்த வழவழப்பான வட்டங்கள், பனிக்கட்டிக்கு அடியில் மூச்சுமுட்டிச் செத்துப்போயின. “இந்தத் தடவையும் செத்தா பிளாஸ்டிக் புல்தான் டாக்டரம்மா. மே மாசக் கூட்டத்துல முடிவு பண்ணிடுவாங்க.”

எனக்கோ உள்ளுக்குள் குதியாட்டம். புல் ஆராய்ச்சிதான் என் தொழில், பயிற்சி கிரீனில் நான் உருவாக்கிய புதுப் புல் ரகங்கள் நிற்கின்றன. பனிக்கட்டி வந்தால்தானே எது தாங்குகிறது என்று தெரியும்? குரலில் சந்தோஷம் தெரியாமல் பேசுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிப்ரவரி 11
பனிக்கட்டியை உடைத்து, உறைந்த புல்தரையில் உள்ளங்கை அளவுத் துண்டுகள் மூன்றை ரம்பத்தால் அறுத்து வந்தேன். சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். உயிர் இருந்தால் துளிர்க்கும். ஒன்று, முதல் குழியின் பழைய புல். இன்னொன்று என் நாற்பத்தொன்றாம் எண் ரகம், என் செல்லம்: கரும்பச்சை, பட்டு மாதிரி. மூன்றாவது, ஒன்பதாம் எண் ரகம். அதை ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நோயாளி மாதிரி எப்போதும் வெளிறிக் கிடக்கும்.

பிப்ரவரி 22
நாற்பத்தொன்று துளிர்த்துவிட்டது! ஒன்பதும்தான்.

பிப்ரவரி 25
வீட்டில் புளித்த நாற்றம். என் கணவர் ஹால்வரின் பழைய சீஸ்தான் என்று சத்தம் போட்டு, அதை டப்பாவோடு வராந்தாவில் கொண்டுபோய் வைத்தேன். நாற்றம் போகவில்லை. கடைசியில் பார்த்தால், முதல் குழியின் துண்டு. ஹால்வருக்கு ஒரே கொண்டாட்டம். “செத்தது உன் ஆளு. என் சீஸ் உயிரோடதான் இருக்கு.”

பனிக்கட்டிக்குள் காற்று தீர்ந்ததும் புல் புளித்துப்போகிறது. சரி. ஆனால் ஒரே கட்டியின் கீழ் ஒன்று புளிக்கிறது, ஒன்று புளிப்பதில்லை. ஏன்?

ஏப்ரல் 5
எழுதக் கை ஓடவில்லை.

இன்று கிளப்பின் கூட்டு வேலை நாள். உறுப்பினர்கள் எல்லோரும் கூலியில்லாமல் வந்து உழைத்துவிட்டு, வாஃபிள் என்கிற இனிப்பு அப்பத்தைத் தின்றுவிட்டுப் போவார்கள். வராதவரோடு ஊர் முகம் கொடுத்துப் பேசாது. நான் மதியம் போய்ச் சேர்வதற்குள், என் ரகங்கள் நிற்கும் பயிற்சி கிரீனில் இருந்த பனிக்கட்டியைக் கடப்பாரையால் பெயர்த்துவிட்டார்கள். கிளப் தலைவி யோருன் முகமெல்லாம் வியர்வையோடு ஓடிவந்தாள். “முதல்ல உன்னோடதைத்தான் முடிச்சோம். பாவம், மூச்சு விடட்டும்னு.”

கட்டிக்கு அடியில் விட்டுவைப்பதுதானடி சோதனையே என்று கத்திவிட்டேன். வாஃபிளும் கையுமாக நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கட்டிய எச்சரிக்கை ரிப்பன் பனியில் புதைந்துவிட்டதாம். தோர்கைருக்கு விஷயம் தெரியும், ஏன் தடுக்கவில்லை என்று கேட்டேன். “இத்தனை பேர் சும்மா வந்து முதுகு ஒடிய வேலை செய்யறாங்க. நிறுத்துங்கன்னு எந்த வாயால சொல்றது?”

இனி எல்லா ரகமும் பிழைத்துவிடும், எது தாங்கும் என்று தெரியவே தெரியாது. கூட்டத்தில் எதைக் காட்டுவேன்? பதினோரு வருஷ உழைப்பு போச்சு.

ஏப்ரல் 7
போய்ப் பார்த்தேன். பெயர்த்த கட்டிகளை எல்லாம் அதே கிரீனின் வடக்கு மூலையில்தான் குவித்திருக்கிறார்கள், இடுப்பு உயரத்துக்கு. அடியில் பழைய கட்டி பெயர்க்காமல் அப்படியே இருக்கிறது. அந்த மூலையில் என் ரகங்கள் எல்லாவற்றிலும் ஒரு வரிசை உண்டு!

தோர்கைர் அள்ளிப் போடக் கிளம்பினான். தொட்டால் தொலைத்துவிடுவேன் என்றேன்.

ஏப்ரல் 16
மழை, மறுபடி உறைவு. குவியல் பாறையாகிவிட்டது. அடியில் என்ன நடக்கிறதோ.

மே 2
குவியல் கரைந்தது. கிட்டப் போகும்போதே அந்த நாற்றம். நாற்பத்தொன்று செத்துவிட்டது. வேர்வரை குழகுழவென்று. மண்டியிட்டு அழுதேன், தோர்கைர் பக்கத்தில் இருந்தும்.

அவன்தான் சொன்னான்: “டாக்டரம்மா, இந்தப் பக்கம் கொஞ்சம் பாருங்க.” ஒன்பது. மேலே வைக்கோல் நிறம்தான். விலக்கிப் பார்த்தால் அடியில் பச்சை.

மே 5
ஏன் ஒன்பது? இரண்டு நாளாக இதே யோசனை. போன செப்டம்பரில் ஒன்பது மட்டும் முன்னதாகவே மஞ்சளாகி நின்றது. ஆட வந்தவர்கள் முகம் சுளித்தார்கள், நானும்தான். நாற்பத்தொன்றோ நவம்பர்வரை பளபளவென்று விழித்திருந்தது. விழித்திருப்பவனுக்குத்தானே மூச்சு அதிகம் வேண்டும்? ஒன்பது காற்றைச் செலவழிக்காமல் தூங்கிவிட்டது! அதன் குறை என்று எதை நினைத்தேனோ அதுதான் அதைக் காப்பாற்றியிருக்கிறது. அப்படித்தானா? ஒரே ஒரு மூலையை வைத்து எப்படிச் சொல்வது? ஆனாலும் மனம் அடங்கவில்லை.

மே 14
கூட்டம். பிளாஸ்டிக் புல் விற்பவர் சாம்பிள் துண்டுகளோடு வந்திருந்தார், வருஷம் முழுக்கப் பச்சை என்றார். நான் ஒன்பதைப் பற்றி உள்ளதைச் சொன்னேன்: ஒரு மூலைதான் சாட்சி, இலையுதிர்காலத்தில் மஞ்சளாகும், அழகில்லை. தோர்கைர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

யோருன் எழுந்தாள். இந்த ஒரு மாதமாக அவள் என்னோடு பேசவில்லை. “அந்தக் கட்டியை அங்க கொட்டினது நான். அதுக்கடியில உயிரோட இருந்ததுன்னா, அந்தப் புல்லுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கணும்.” கைகள் உயர்ந்தன. மயிரிழையில் தப்பித்தோம். என்னிடம் இருக்கும் ஒன்பதின் விதை மூன்று கிரீனுக்கு வரும். பிளாஸ்டிக் ஒரு வருஷம் தள்ளிப்போகிறது.

வெளியே வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த கூட்டு வேலைக்கு வாஃபிள் சுடும் வேலையை என் தலையில் கட்டிவிட்டாள்.

செப்டம்பர் 24
தோர்கைர் போன் செய்தான். மூன்று கிரீனும் மஞ்சளாகத் தொடங்கிவிட்டன. புல்லுக்கு என்ன சீக்கு என்று காலையிலிருந்து உறுப்பினர்கள் அவனைக் குடைகிறார்களாம்.

“நீ என்ன சொன்னே?”

“தூங்குது, சத்தம் போடாம ஆடுங்கன்னு சொல்லிட்டேன்.”

போனை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன். பாத்தியில் கொஞ்சம் நாற்பத்தொன்று மிச்சம் வைத்திருக்கிறேன். இன்னும் கரும்பச்சையாக விழித்துக்கொண்டிருக்கிறது, பாவம்.