பலகையில் மாட்டிய தேதி

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். நின்று நின்று வீங்கிய காலும் வடிந்துவிட்டது.

ஒரு சிரிப்பான சங்கதி. இங்கே குடிக்கும் வயதை இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைத்துவிட்டார்கள். "ஓட்டுப் போடலாம், ஒரு பாட்டில் வாங்கக் கூடாதா?" என்கிறார் எங்கள் கடை முதலாளி. என் கல்லாவில் ஒரு பலகை உண்டு: 'இந்தத் தேதி வரை பிறந்தவர்களுக்கு மட்டும் மது.' தினமும் காலையில் அந்தத் தேதியை நான்தான் மாற்ற வேண்டும். இன்று மாட்டியது, நம் பிள்ளை பிறந்த தேதி.

கடை திறந்ததும் ஒரு பையன் பாட்டிலோடு வந்தான். அவன் அடையாள அட்டையிலும் அதே தேதி. என் வாய் சும்மா இருக்கவில்லை. "அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தியாப்பா?" என்று கேட்டுவிட்டேன். வரிசையே சிரித்தது. முதலாளி ஓடிவந்தார். "சட்டமே விட்டுடுச்சு, நீ என்னம்மா குறுக்க?" என்று அவரே பில் போட்டார். வேலைக்கு ஆபத்தில்லை, கவலைப்படாதீர்கள். ஒரு வாரம் கிடங்கில் பெட்டி அடுக்கச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

நம் பிள்ளைக்குச் சட்டை எடுக்க வேண்டும். நான் கிளம்பும்போது அவனுக்குப் பதினாலு வயசு. இப்போதைய தோள் அளவை எழுதுங்கள். காலையில் வாழ்த்தக் கூப்பிட்டபோதும், "வெளிய போயிருக்கான்" என்றீர்கள். யாரோடு என்று நான் கேட்கவில்லை.

இடைவேளை முடிந்துவிட்டது. அடுத்த முறை அவன் வெளியே கிளம்பினால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். போன் என் இடுப்பிலேயேதான் இருக்கிறது.